சல்வா ரவ்தா ஷுகைர்: 97 வயதில் ‘கண்டுபிடிக்கப்பட்ட’ சிற்பியா?

வாசகர் கேள்வி, 2023 ஜூன் 11

லெபனானைச் சேர்ந்த சல்வா ரவ்தா ஷுகைர் என்ற சிற்பியைப் பற்றி ஒரு குறிப்பு படித்தேன். வாழ்நாளெல்லாம் யாருக்கும் தெரியாமல் பெய்ரூட்டில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குள் சிற்பம் செய்துகொண்டிருந்தாராம். 97 வயதில் லண்டன் அருங்காட்சியகம் ஒன்று கண்டுபிடித்த பிறகுதான் உலகத்துக்கே தெரிந்ததாம். படங்களைத் தேடிப் பார்த்தேன். மரக்கட்டைகளை அடுக்கி வைத்திருக்கிறார், அவ்வளவுதான். இதில் அப்படி என்ன இருக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 11, இரவு

“யாருக்கும் தெரியாமல்” என்பதை முதலில் எடுத்துவிடுங்கள். 1947இல் பெய்ரூட்டின் அரபுப் பண்பாட்டுக் காட்சிக்கூடத்தில் அவர் தன் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். அரபு உலகில் அரூப ஓவியத்துக்கென (உருவங்கள் இல்லாமல் வடிவமும் வண்ணமும் மட்டுமே கொண்ட ஓவியம்) நடந்த முதல் கண்காட்சிகளில் ஒன்றாக இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள். 1951இல் பாரிஸில் கொலெத் அலெண்டி காட்சிக்கூடத்தில் தனிக் கண்காட்சி. 1962இல் பெய்ரூட்டின் யுனெஸ்கோ அரங்கில் இன்னொன்று. அடுத்த ஆண்டே, பொது இடத்தில் கற்சிற்பம் அமைப்பதற்காக லெபனான் தேசியச் சுற்றுலா மன்றத்தின் பரிசு. 1974இல் அதே மன்றத்தின் இடத்தில், அதுவரை செய்தவற்றைத் திரட்டி, லெபனான் கலைஞர் சங்கம் அவரைக் கௌரவித்துக் கண்காட்சி நடத்தியது. 1977 முதல் 1984 வரை லெபனான் பல்கலைக்கழகத்தில் பாடம் எடுத்தார். 2002இல் அவரைப் பற்றிப் பெய்ரூட்டில் நூல் வந்தது. 2011இல் காட்சிக்கூட உரிமையாளர் சாலே பராகாத் பெய்ரூட் கண்காட்சி மையத்தில் அவருடைய வாழ்நாள் படைப்புகளைத் தொகுத்துக் காட்டினார்.

இவ்வளவுக்கும் பிறகுதான் 2013இல் லண்டனின் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தில் கண்காட்சி. ஏப்ரலில் அது திறந்தபோது அவருக்கு 96 வயது. கண்காட்சி நடந்துகொண்டிருக்கும்போதுதான், ஜூன் 24 அன்று, 97 நிறைந்தது. அந்த நேரத்தில் அவர் நினைவு மங்கும் நோயோடு இருந்தார். 2017 ஜனவரியில், நூறைக் கடந்தபின், காலமானார்.

ஒரு நகரம் அறுபது ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவரை இன்னொரு நகரம் “கண்டுபிடித்தது” என்று எழுதுவது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது. கட்டைகளைப் பற்றி நாளை எழுதுகிறேன்.

ஜூன் 12

கட்டைகள்.

அவருடைய சிற்பங்களில் ஒரு வரிசைக்கே ‘கவிதை’ என்று பெயர். 1960களில் மரத்தில் செய்த கவிதைகள் இருக்கின்றன. ‘கவிதைச் சுவர்’ இருக்கிறது. 1966 முதல் 1968 வரை அலுமினியத்தில் செய்த ‘ஒன்பது அடிக் கவிதை’ இருக்கிறது. பெயரை அலங்காரத்துக்காக வைக்கவில்லை. பழைய அரபுக் கவிதையில் ஒவ்வோர் அடியும் தன்னளவில் முழுமையானது. ஓர் அடியை மட்டும் தனியாக எடுத்துச் சொன்னாலும் அதற்குப் பொருள் இருக்கும். ஆனால் எல்லா அடிகளும் ஒரே சந்தத்தில், ஒரே இயைபில் போகும். ஷுகைர் இதையே சிற்பத்துக்கு விதியாக எடுத்துக்கொண்டார். ஒரு துண்டை எடுத்து மேசைமேல் வைத்தால் அது தனிச் சிற்பமாக நிற்க வேண்டும். மற்றவற்றோடு சேர்த்தால் ஒன்றின் மேடு இன்னொன்றின் பள்ளத்தில் அமர வேண்டும். எந்தத் துண்டும் மற்றதற்குப் பீடமாக மட்டும் இருந்துவிடக் கூடாது.

இந்தக் கடைசி நிபந்தனையை மனதில் வைத்துக்கொண்டு படங்களை இன்னொரு முறை பாருங்கள். அடுக்கி வைப்பது எளிது. அடுக்கின் ஒவ்வொரு பகுதியையும் தன் காலில் நிற்கும்படி செய்வது எளிதல்ல.

‘முடிவிலா அமைப்பு’ என்று ஒன்று, 1963 முதல் 1965 வரை செய்தது. முழுக்கக் கல். செவ்வகக் கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தூண்போல் ஏறுகின்றன. ஒவ்வொரு கல்லிலும் வெட்டும் திறப்பும் வேறு வேறு. மேலே இன்னொரு கல் வைக்கலாம், அதற்கும் மேல் இன்னொன்று வைக்கலாம். அது முடிந்துபோன சிற்பம் அல்ல என்பது பார்த்தவுடன் தெரியும். பெயரும் அதைத்தான் சொல்கிறது.

ஜூன் 12, மாலை

“என் மகன் கையில் கிடைத்தால் ஐந்து நிமிடத்தில் பிரித்துப் போட்டுவிடுவான்” என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பிரிப்பான், சரி. திரும்பச் சேர்த்துவிடுவானா என்று கேட்டுச் சொல்லுங்கள். சேர்த்துவிட்டால் அவனைச் சிற்பக் கல்லூரியில் சேருங்கள்.

ஜூன் 15

நிர்வாண ஓவியம் பற்றிய கேள்விக்கு. அரூபக் கலைஞர் என்கிறீர்களே, பாரிஸில் நிர்வாணப் பெண்களை வரைந்தவர்தானே என்று கேட்டிருக்கிறீர்கள்.

1945இல் அவர் பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கூடவே தத்துவமும் வரலாறும் கேட்டுப் படித்தார். அங்கே ஒரு தத்துவப் பேராசிரியர், மனித உடலை வரையாததால் அரபுக் கலை தாழ்ந்தது என்ற பொருளில் பேச, இவருக்குப் பொறுக்கவில்லை. அதற்கு முன்பே 1943இல் எகிப்துக்குப் போயிருந்தார். போர்க்காலம், அருங்காட்சியகங்கள் மூடியிருந்தன. அதனால் கெய்ரோவின் தெருக்களையும் மசூதிகளையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மூடிய கதவுகள்தான் அவரைச் சரியான இடத்துக்கு அனுப்பிவைத்தன என்று எனக்குத் தோன்றும். ஐரோப்பிய மரபில் ஓவியம் கற்கப் போகிற ஒருவர் முதலில் நின்று பார்த்தது கல்லில் ஓடும் கோடுகளையும், திரும்பத் திரும்ப வரும் வடிவங்களையும், வளைவுக்குள் வளைவையும்.

1948இல் பாரிஸ் போனார். பிரெஞ்சு ஓவியர் ஃபெர்னான் லெஜேயின் பட்டறையில் மூன்று மாதம்போல இருந்தார். அங்கே நிர்வாணப் பெண்களை வரைந்தார், உண்மைதான். ஆனால் அந்தப் பெண்கள் எப்படி இருக்கிறார்கள்? தேநீர் குடிக்கிறார்கள். புகழ்பெற்ற ஓவியர்களைப் பற்றிய புத்தகத்தை விரித்து வைத்துப் படிக்கிறார்கள். லெஜே 1921–22இல் வரைந்த மூன்று பெண்கள் சாய்ந்துகொண்டு நம்மைப் பார்ப்பார்கள். இவர் வரைந்த பெண்களுக்கு நம்மைப் பார்க்க நேரமில்லை. ஆசிரியருக்கு அவருடைய பட்டறையிலேயே கொடுத்த பதில் அது. பிறகு லெஜேயை விட்டு விலகி, ழான் தெவான், எட்கார் பியே இருவரும் நடத்திய அரூபக் கலைப் பட்டறையில் சேர்ந்தார்.

அதற்குப் பிறகு மனித உடல் அவரிடம் வரவில்லை. தேவைப்படவில்லை.

ஜூன் 18

2013 கோடையில் டேட் மாடர்னில் நான் அந்தக் கண்காட்சியைப் பார்த்தேன். லண்டனில் மரவேலை செய்து பிழைக்கிறவன் நான். அலமாரி, சமையலறைப் பெட்டிகள், படிக்கட்டுக் கைப்பிடி. அன்றைக்கு நான் போனது வேறு எதையோ பார்க்க. கூடவே வந்த நண்பர் மரச்சிற்பம் இருக்கிறது என்று இழுத்துப்போனார்.

உள்ளே நுழைந்ததும் முதலில் பிடித்து நிறுத்தியது சிற்பம் அல்ல, ஓர் ஓவியம். ‘இரண்டு = ஒன்று’ என்று பெயர். 1947க்கும் 1951க்கும் இடையே வரைந்தது. தட்டையான வண்ணங்கள், ஒன்றின் விளிம்பே மற்றதன் விளிம்பு. எந்த வடிவம் முன்னால் இருக்கிறது, எது பின்னால் என்று கண்ணால் தீர்மானிக்க முடியவில்லை. கிட்டப் போனால் துணி கிழிந்திருக்கிறது. ஓட்டைகள். அங்கங்கே கண்ணாடிச் சில்லு இன்னும் துணியில் குத்திக்கொண்டு நிற்கிறது. 1980களில் வீட்டருகே குண்டு விழுந்தபோது ஜன்னல் சிதறிப் பட்டது. எடுத்துவிடவில்லை. அப்படியே மாட்டியிருந்தார்கள்.

அடுத்த அறைகளில்தான் சிற்பங்கள். மரம், கல், சுட்ட மண், பித்தளை, அலுமினியம், கண்ணாடியிழை. நூற்றுக்கும் மேற்பட்ட படைப்புகளைத் திரட்டி வைத்திருந்தார்கள். பெரும்பாலானவை சிறியவை, கைக்கு அடக்கமானவை. மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பது என் பழக்கம். ஒரு ‘கவிதை’யின் முன் குனிந்து இரண்டு துண்டுகள் சந்திக்கும் கோட்டை மட்டும் வெகுநேரம் பார்த்தேன். மேல்துண்டின் வளைவு முடியும் இடத்தில் கீழ்த்துண்டின் வளைவு தொடங்குகிறது. நடுவில் ஒரு மயிரிழை நிழல். காவலர் இரண்டு முறை வந்து தள்ளி நிற்கச் சொன்னார்.

தொடக் கூடாது. இதுதான் எனக்கு ஆறவே இல்லை. பிரித்து எடுப்பதற்கென்றே செய்த பொருளைப் பிரிக்க யாருக்கும் அனுமதி இல்லை. பாதுகாக்க வேண்டியதுதான். ஆனால் பாதி சிற்பத்தைத்தான் பார்க்கிறோம் என்று அங்கே எழுதி வைக்கலாம்.

ஜூன் 19

ஒரு நண்பர் கேட்கிறார்: குண்டு பட்ட ஓவியம்தானே அவருடைய மிகச் சிறந்த படைப்பு? போரும் கலையும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டதே?

நண்பரே, இதை நான் ஏற்கவில்லை. அந்த ஓவியம் குண்டு விழும் முன்பே நல்ல ஓவியம். ஓட்டை விழுந்ததால் நம் கண்ணுக்குச் சுலபமாகிவிட்டது. லெபனானிலிருந்து வருகிற எதிலும் போரைத் தேடும் பழக்கம் நமக்கு இருக்கிறது. ஷுகைரின் படைப்பில் போர் எங்கேயும் இல்லை. 1975இல் தொடங்கி 1990 வரை நடந்த போரின் பெரும்பகுதி அவர் பெய்ரூட்டில்தான் இருந்தார். வேலை செய்தார். அப்போது செய்தவை ‘இரட்டை’கள்: இரண்டே துண்டுகள், ஒன்றையொன்று தழுவிப் பொருந்துபவை. தெருவில் நடந்ததற்கு அது ஒரு பதில் என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. சொல்லமாட்டேன். இரண்டு சேர்ந்து ஒன்றாவது பற்றி அவர் 1947லேயே யோசித்துக்கொண்டிருந்தார். அன்றைக்குப் போரே இல்லை.

ஜூன் 19, பின்னிரவு

ஓட்டை என்றதும் இன்னொன்று நினைவுக்கு வந்துவிட்டது. பெய்ரூட்டின் தியாகிகள் சதுக்கத்தில் நிற்கும் வெண்கலச் சிலை 1960இல் திறக்கப்பட்டது. செய்தவர் இத்தாலியர், மரினோ மத்ஸக்குராட்டி. போரின்போது அந்தச் சதுக்கம்தான் நகரத்தைப் பிளந்த கோட்டின் மேலேயே இருந்தது. சிலை முழுக்கத் துப்பாக்கிக் குண்டுத் துளைகள். பின்னால் செப்பனிட்டபோது துளைகளை அடைக்காமலே திருப்பி நிறுத்தினார்கள்.

அதற்கும் முன்னால் அதே சதுக்கத்தில் 1930 முதல் வேறொரு சிற்பம் இருந்தது. லெபனான் சிற்பி யூசெஃப் ஹொவாயெக் சுண்ணாம்புக் கல்லில் செய்தது. ஒரு முஸ்லிம் பெண்ணும் ஒரு கிறிஸ்தவப் பெண்ணும் அஸ்திக் கலசத்தின் மேல் கைகோத்து அழுகிறார்கள். பலருக்கு அது பிடிக்கவில்லை. தியாகத்துக்கு அழுகை போதாது என்றார்கள். 1948இல் அதை உடைத்துச் சேதப்படுத்தினார்கள். பிறகு அகற்றப்பட்டது. இப்போது பெய்ரூட்டின் சர்சொக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இரண்டு உருவம், நடுவில் ஒரு கலசம். ஷுகைரிடமிருந்து எவ்வளவு தொலைவு பாருங்கள்! அவர் இரண்டைச் சேர்க்கும்போது நடுவில் எதுவும் இருக்காது, காற்றுகூட.

ஜூன் 25

கோட்பாடாகப் பேசிக்கொண்டே இருப்பது எனக்கு ஒத்துவராது. பட்டறையில் பீச் மரத் துண்டுகள் மீந்து கிடந்தன. ஓர் ‘இரட்டை’ செய்து பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். படத்தைப் பார்த்து நகல் எடுக்கவில்லை. அவர் போட்ட விதியை மட்டும் எடுத்துக்கொண்டேன்: இரண்டு துண்டு, தனித்தனியே நிற்க வேண்டும், வளைவான முகங்கள் முழுதாகப் பொருந்த வேண்டும், பிரிக்கவும் வர வேண்டும்.

ஒரு கட்டையைப் பட்டை ரம்பத்தில் வளைவாக அறுத்தால் இரண்டு துண்டு கிடைத்துவிடும், அவை தாமாகப் பொருந்தும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பொருந்தாது. ரம்பத்தின் கனம் அளவுக்கு மரம் தூளாகப் போய்விடுகிறது. நேராக அறுத்திருந்தால் இரண்டையும் நெருக்கினால் இடைவெளி மறைந்துவிடும். வளைவில் மறையாது. மேட்டில் ஒட்டினால் சரிவில் விலகும், சரிவில் ஒட்டினால் மேட்டில் விலகும். ஆக, ஒவ்வொரு முகத்தையும் தனியாகச் செதுக்கித்தான் சேர்க்க வேண்டும். ஒரு முகத்தில் கரித்தூளைத் தேய்த்து மற்றதன் மேல் அழுத்தினேன். கரி ஒட்டிய இடம்தான் மேடு. அதை மட்டும் சுரண்ட வேண்டும். மறுபடி கரி, மறுபடி சுரண்டல். கடைசியில் கரி முகம் முழுக்கச் சீராக ஒட்டும். அப்போது துண்டுகளைச் சேர்த்தால் ஒரு சின்ன ‘தொப்’ சத்தம் வரும், நடுவில் இருந்த காற்று வெளியேறும் சத்தம். அந்தச் சத்தத்துக்காகவே இன்னும் பத்து செய்யலாம்.

அடுத்த சிக்கல் இன்னும் பெரியது. வளைவு உள்நோக்கித் திரும்பிவிட்டால் துண்டுகள் பூட்டிக்கொள்ளும், வெளியே வராது. எந்தத் திசையில் இழுத்தால் பிரியும் என்பதை முதல் கோடு போடும்போதே முடிவு செய்ய வேண்டும். அதாவது சிற்பி உருவத்தை மட்டும் வடிவமைக்கவில்லை. கை எந்த வழியாக அதைத் திறக்கும் என்பதையும் சேர்த்து வடிவமைக்கிறார். அவருடைய ‘இரட்டை’களின் படங்களை இப்போது பார்க்கும்போது என் கண் அந்த வழியைத்தான் தேடுகிறது. சிலவற்றில் நேராக மேலே தூக்க வேண்டும். சிலவற்றில் திருகிக்கொண்டே எடுக்க வேண்டும்போல இருக்கிறது.

என்னுடைய துண்டுகள் சேர்ந்து நிற்கின்றன, பிரிகின்றன. பிரித்தால் ஒன்று நிற்கிறது, மற்றது சாய்கிறது. தனியாக நின்று தனியாகவும் அழகாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை எவ்வளவு கொடியது என்று இப்போது தெரிகிறது.

ஜூன் 26

“மண்ணில் செய்தால் சுலபமாக இருக்குமே?” ஒரு பக்கம் சுலபம்தான். முதல் துண்டை வைத்து அதன்மேல் இரண்டாவதை அழுத்தினால் வளைவு தானாகப் பதிந்துவிடும். நடுவில் நாளிதழ்த் தாள் வைக்காவிட்டால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ஆனால் மண் காயும்போதும் சுடும்போதும் சுருங்குகிறது. கனமான இடம் ஒரு வேகம், மெல்லிய இடம் ஒரு வேகம். சூளையிலிருந்து வரும்போது பொருத்தம் அப்படியே இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. அவர் சுட்ட மண்ணிலும் நிறையச் செய்திருக்கிறார். பிறகு அதே வடிவம் மரத்துக்கும் கல்லுக்கும் உலோகத்துக்கும் போகிறது.

ஜூலை 2

நைலான் இழைச் சிற்பங்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். 1970களில் தெளிவான பிளாஸ்டிக் சட்டங்களுக்கு நடுவே நைலான் இழைகளை விறைப்பாகக் கட்டினார். ஒவ்வோர் இழையும் நேர்க்கோடு, சேர்ந்து பார்த்தால் வளைந்த பரப்பு. ரஷ்யாவில் பிறந்த சிற்பி நாவும் காபோ 1940களிலேயே இப்படிச் செய்திருக்கிறார். சாயல் வெளிப்படையாகத் தெரிகிறது. எனக்கு ஷுகைரின் படைப்புகளில் குறைவாகப் பிடித்தவை இவைதான். கணக்கு சரி, எடை இல்லை. கல்லும் மரமும் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும்போது கிடைக்கும் அழுத்தம் இழையில் கிடைக்கவில்லை.

விரும்பிப் படிக்கும் சிற்பியிடம் எல்லாமே உயர்வு என்று சொல்லத் தேவையில்லை.

ஜூலை 9

முதல் குறிப்புக்கு இரண்டு பேர் கடுமையாக மறுப்பு எழுதியிருக்கிறார்கள். “கண்காட்சிகளின் பட்டியலை அடுக்குகிறீர்களே, யாராவது வாங்கினார்களா?” என்பது சாரம். நல்ல கேள்வி. வெகுகாலம் வாங்கியவர்கள் மிகக் குறைவு. சிற்பங்கள் வீட்டிலேயேதான் குவிந்தன. மகள் ஹாலா, அவரும் ஓவியர், பொறுப்பெடுத்துப் பாதுகாத்து வரிசைப்படுத்தியதால்தான் இன்று நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் தெரியாமல் இருந்ததும் விலை போகாமல் இருந்ததும் ஒன்றல்ல.

அதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. அளவு.

அந்தக் கண்காட்சியில் நான் பார்த்த சிற்பங்களில் பெரும்பாலானவை மேசைமேல் வைக்கிற உயரம். பார்த்துக்கொண்டே போகும்போது, இவை இந்த அளவில் நிற்பதற்குச் செய்தவை அல்ல என்ற எண்ணம் வலுத்துக்கொண்டே போயிற்று. ‘கவிதை’களில் திறப்புகள் ஜன்னல்களாகத் தெரிகின்றன. ஒரு துண்டு ஒரு வீட்டின் அளவுக்கு வளர்ந்தால் அடுக்கு ஒரு குடியிருப்பாகிவிடும். ‘கவிதைச் சுவர்’ பெயரிலேயே சுவர். ‘முடிவிலா அமைப்பு’ கோபுரம். நீரூற்றுகளுக்கும் வடிவங்கள் யோசித்தார். நகை செய்தார், கம்பளம் வடிவமைத்தார், வீட்டுப் பொருள் செய்தார். 1950களில் அமெரிக்கா போய் மிச்சிகனின் கிரான்புரூக் கலைக்கழகத்தில் கைவினை கற்றார். தினமும் மனிதர்கள் புழங்கும் இடத்தில் கலை இருக்க வேண்டும் என்று நினைத்தவர் அவர். பீடத்துக்கும் கண்ணாடிப் பெட்டிக்கும் ஆசைப்பட்டவர் அல்லர்.

அப்படிப்பட்டவருக்குத் தேவைப்பட்டது வாங்குபவர் அல்ல, நகரம். நகராட்சி, கல்தச்சர், இடம், பணம், அமைதியான பத்து ஆண்டுகள். 1963இல் பரிசு கிடைத்தது. 1969 முதல் 1971 வரை ஒரு கல் இருக்கையை வடிவமைத்தார். 1974இல் மொத்தப் படைப்பும் மக்கள் முன்னால் வந்தது. அடுத்த ஆண்டு போர் தொடங்கியது. அப்போது அவருக்கு 58 வயது, கைத்திறன் உச்சத்தில் இருந்த நேரம். போர் முடிந்தபோது 74. நான் மனம் நொந்துபோவது இந்தப் பதினைந்து ஆண்டுகளை நினைத்துத்தான். டேட் மாடர்ன் அவரை முன்கூட்டியே அழைத்திருந்தாலும் இது திரும்பி வந்திருக்காது. கண்காட்சி என்பது ஒரு சிற்பியின் பெயருக்குக் கிடைப்பது. கட்டிடத்தின் அளவில் நிற்கவேண்டிய ‘கவிதை’க்கு அதனால் என்ன பயன்?

ஆகவே, எப்போது யார் அங்கீகரித்தார்கள் என்ற விவாதத்தை இன்னும் நீட்ட எனக்கு விருப்பமில்லை. எந்தெந்த மாதிரிகளை இன்று கல்லில் பெரிதாகச் செய்யலாம், அவர் இல்லாத நிலையில் செய்வது முறையா என்று பேசினால் கலந்துகொள்கிறேன். என் நிலை: அவரே அளவும் பொருளும் குறித்துவைத்திருந்தால் செய்யலாம். குறிக்காதவற்றைத் தொடக் கூடாது.

ஜூலை 10

“அவர் அறிவியல் படித்தவரா, மதப்பற்றாளரா?” இரண்டும். துரூஸ் என்ற சிறுபான்மைச் சமயக் குடும்பத்தில் பிறந்தவர். உஸ்மானியப் படையில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்ட தந்தை 1917இல் டமாஸ்கஸில் காய்ச்சலில் இறந்தார். மகளுக்கு அப்போது ஒரு வயதுபோல. தாய்தான் மூன்று பிள்ளைகளையும் வளர்த்தார். அக்கா அனீசா பின்னால் பெண்ணுரிமைப் பணியில் பெயர் பெற்றார். சல்வா கல்லூரியில் படித்தது இயற்கை அறிவியல். ஓவியத்தை முஸ்தஃபா ஃபரூக்கிடமும் பிறகு ஓமர் ஒன்சியிடமும் கற்றார், இருவரும் நிலக்காட்சியும் உருவப்படமும் வரைந்த லெபனான் ஓவியர்கள். தன் விதிகளெல்லாம் இஸ்லாமிய வடிவியலிலிருந்து வந்தவை என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஒற்றைப் புள்ளி, அதிலிருந்து கோடு, கோட்டிலிருந்து முடிவில்லாத வடிவம். இதை அறிவியல் என்றாலும் சரி, வழிபாடு என்றாலும் சரி, அவருக்கு இரண்டும் ஒரே மேசையில்தான் நடந்தன.

ஜூலை 16

பேச்சு மற்ற லெபனான் சிற்பிகள் பக்கம் போய்விட்டது, போகட்டும்.

பஸ்பூஸ் சகோதரர்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மிஷேல், அல்ஃப்ரெட், ஜோசஃப். பெய்ரூட்டுக்கு வடக்கே பத்ரூன் பகுதியில் ரஷானா என்ற மலைக் கிராமம் அவர்களுடையது. மூத்தவர் மிஷேல் பாரிஸில் சிற்பி ஒசிப் ஸாட்கினிடம் பயின்று திரும்பியவர், 1981இல் இறந்தார். மூவரும் சேர்ந்து கிராமத்தின் பாதையோரத்தையே சிற்பக்கூடமாக ஆக்கினார்கள். அல்ஃப்ரெட் 1994 முதல் 2004 வரை அங்கே பன்னாட்டுச் சிற்பிகள் கூடிச் செதுக்கும் முகாம்களை நடத்தினார். மிஷேலின் மகன் அனாஷார் இன்றும் அங்கிருந்து வேலை செய்கிறார்.

ஷுகைருக்குக் கிடைக்காத நகரத்தை இவர்கள் கிராமத்தில் தாங்களே உண்டாக்கிக்கொண்டார்கள் என்று சொல்லலாம். வெட்டவெளியும் சொந்த நிலமும் இருந்தன. அடுக்குமாடி வீட்டில் வேலை செய்தவரோடு இதை ஒப்பிடுவது நியாயமில்லை என்பதும் தெரிகிறது. பஸ்பூஸ்களின் கல் செங்குத்தாக நின்று தன்னைக் காட்டும். ஷுகைரின் கல் அடுத்த கல்லுக்கு இடம் விட்டு நிற்கும். எனக்கு எது நெருக்கம் என்று இந்நேரம் தெரிந்திருக்கும்.

ஜூலை 17

பெய்ரூட் கலைஞர் மர்வான் ரெஷ்மாவியின் ரப்பர் வரைபடம் சிற்பமே அல்ல என்பவருக்கு: கறுப்பு ரப்பரில் பெய்ரூட்டின் தெருக்களை வரி வரியாகப் பதித்துத் தரையில் விரித்திருக்கிறார், பார்ப்பவர்கள் அதன்மேல் நடக்கலாம். 60 பகுதிகளாகப் பிரித்துச் சேர்த்தது. துண்டுகள் சேர்ந்து நகரமாகின்றன. இதைச் சிற்பம் என்று நான் தயங்காமல் சொல்வேன்.

அவருடைய இன்னொரு படைப்பு என்னை அதிகம் பாதித்தது. பெய்ரூட்டின் புர்ஜ் அல் முர் என்ற கோபுரத்தை ஆளைவிட உயரமான கான்கிரீட் வடிவமாகச் செய்திருக்கிறார். அந்தக் கோபுரத்தைப் போருக்குச் சற்று முன் கட்டத் தொடங்கினார்கள், முடிக்கவில்லை. போரில் மறைந்து சுடுபவர்களின் இடமாயிற்று. இடிக்கவும் முடியாமல் குடியேறவும் முடியாமல் இன்றும் வெறும் கூடாக நிற்கிறது. வரிசை வரிசையாக ஜன்னல் துளைகள். ஷுகைரின் கல் அடுக்கில் திறப்புகள் ஆட்களை உள்ளே அழைக்கின்றன. இங்கே அதே திறப்புகள் துப்பாக்கிக்கானவை. இருவரையும் ஒரே கூடத்தில் எதிரெதிரே வைத்து யாராவது கண்காட்சி நடத்தினால் நான் எங்கிருந்தாலும் போய்ப் பார்ப்பேன்.

ஜூலை 17, இரவு

2020இல் நடந்த பெய்ரூட் துறைமுக வெடிவிபத்தின் இடிபாட்டு இரும்பைக் கொண்டு லெபனான் கலைஞர் நதீம் கரம் 2021இல் நிறுத்திய பெரிய மனித உருவம் பற்றி: நீதி கிடைக்காத இடத்தில் நினைவுச்சின்னம் எதற்கு என்று அங்கே பலர் கோபப்பட்டார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. உருவத்தைப் பற்றிப் படம் மட்டும் பார்த்து நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன்.

ஆகஸ்ட் 6

துபாயிலிருந்து வேலையாகப் பெய்ரூட் போகிறேன், எதைப் பார்க்கலாம் என்று கேட்ட தம்பிக்கு.

முதலில் நகர மையத்தில், ஐ.நா. அலுவலகத்துக்கு எதிரே உள்ள கலீல் ஜிப்ரான் தோட்டத்துக்குப் போங்கள். ஷுகைரின் கல் இருக்கை அங்கேதான் இருக்கிறது, நான் மேலே 1969 என்று சொன்னது. தனித்தனிக் கற்கள் ஒன்றுக்கொன்று பொருந்தி அரைவட்டமாக வளைந்து போகும். நான் படத்தில் மட்டும் பார்த்தது. இங்கே தள்ளி நிற்கச் சொல்ல ஆள் கிடையாது. நன்றாக உட்காருங்கள். முன்பக்கத்திலிருந்து எல்லோரும் படம் எடுத்திருக்கிறார்கள், எனக்கு அது வேண்டாம். இரண்டு கற்கள் சந்திக்கும் இடத்தை மேலிருந்தும் பின்பக்கத்திலிருந்தும் எடுங்கள். அளவுநாடா ஒன்று பையில் வைத்துக்கொள்ளுங்கள். உட்காரும் உயரம், ஒரு கல்லின் அகலம், வளைவு அதிகமாக இருக்கும் இடத்தில் அதன் ஆழம், இந்த மூன்றும் போதும்.

சர்சொக் அருங்காட்சியகம் 2020 வெடிவிபத்தில் கடுமையாகச் சேதமடைந்து 2023 மே மாதம்தான் மறுபடி திறந்தது. அங்கே ஹொவாயெக்கின் அழும் பெண்களைப் பாருங்கள். ரஷானாவுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள், பத்ரூன் வரை போய் அங்கிருந்து டாக்ஸி பிடிக்கலாம். வெயிலுக்கு முன் காலையில் போனால் கல்லில் உளித்தடம் தெளிவாகத் தெரியும்.

அளவுகளை இங்கேயே எழுதுங்கள். பட்டறையில் பைன் பலகை கொஞ்சம் இருக்கிறது, அந்த இருக்கையின் இரண்டு கற்களை மட்டும் முழு அளவில் செய்து பார்க்கப் போகிறேன்.